இருதயக்காரருக்கு நாற்காலி மருந்தாகுமா?

பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் சரி, கிள்ளான் ஆனாலும் சரி, வீட்டுப் பெரியவருக்கு இருதய நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் குடும்பங்களில் முதலில் நடப்பது என்ன? “அப்பா, இனி நீங்கள் அசையக் கூடாது” என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். கடைக்குப் போவதும் நின்றுவிடுகிறது, கோயிலுக்குப் போவதும் நின்றுவிடுகிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு அவருடைய இரத்தக் குழாய்களுக்கு நன்மை செய்கிறதா?

ஒரு காலத்தில் டாக்டர்களே மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். 1952-இல் பாஸ்டன் நகர டாக்டர்கள் லெவைன், லவுன் இருவரும், நோயாளியைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைப்பது நல்லது என்று எழுதினார்கள். அன்று நாற்காலியே முன்னேற்றம்! அடுத்த ஆண்டு லண்டனில் டாக்டர் ஜெரி மோரிஸ் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது.

காரணம் என்ன? இரத்தக் குழாயின் உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. நாம் நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடி அதை உரசுகிறது. உடனே அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது; குழாய் இளகி விரிகிறது. இதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், சிகரெட் ஆகியவை இந்தச் சக்தியைக் குறைக்கின்றன. பழக்கமான தேகப்பயிற்சி அதைப் பெருமளவு மீட்டுத் தருகிறது. படிந்த கொழுப்பு நடந்தால் கரைந்தோடிவிடும் என்று எண்ண வேண்டாம். குழாய் நன்றாக வேலை செய்யும் என்பதே இலாபம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. நோய் கட்டுக்குள் இருந்த, 70 வயதுக்கு மேற்படாத 101 ஆண்களில் ஒரு சாரார் தினமும் 20 நிமிடம் பயிற்சிச் சைக்கிள் மிதித்தார்கள். மறு சாராருக்குக் குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஓராண்டில் பெரிய இருதயத் தொல்லை ஏதுமின்றி இருந்தவர்கள் முதல் சாராரில் 88 விழுக்காடு; மறு சாராரில் 70 விழுக்காடு. இதைப் படித்துவிட்டு, மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது நடக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்! அப்போது ஆஸ்பத்திரிதான் உயிர் காக்கும்.

தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி நடந்த கால்கள், அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் தொலைக்காட்சி முன் முடங்கிக் கிடக்கலாமா? முதலில் டாக்டரைக் கேளுங்கள். 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் (ஐ.ஜே.என்.) இருதய நோயாளிகளைக் கண்காணித்துப் பயிற்சி அளிக்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் பத்து நிமிட நடையில் தொடங்கி, சில வாரங்களில் அரை மணி நேரமாக்குங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிப் பேச முடியாவிட்டால் குறையுங்கள். பத்துமலையின் 272 படிகள் பிறகு இருக்கட்டும், சமதளமே போதும்.

உச்சி வெயிலும் சாப்பிட்ட கையோடு நடப்பதும் வேண்டாம். புகைமூட்ட நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால் சட்டைப் பையில் இருக்கட்டும். நீரிழிவுக்காரர் ஒரு மிட்டாயும் எடுத்துக்கொள்ளட்டும். நெஞ்சு இறுகினால் உடனே நின்று உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள். நடக்கிறோமே என்று மருந்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “சும்மா உட்காருங்கள்” என்பதை விட்டு, “வாங்க அப்பா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்” என்று சொல்லிப் பாருங்கள். கூட நடக்க ஆள் இருந்தால் அவர் நாளைக்கும் நடப்பார். உங்கள் இரத்தக் குழாய்களுக்கும் அது நல்லதுதானே!