பொம்மை விமானத்துக்குள் ஒரு பொல்லாத பொட்டலம்!

தை மாதக் காலை. செண்பகனூரில் பனி மெல்ல விலகுகிறது. மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த பையன் ஒருவன், ரேடியோவால் இயங்கும் பொம்மை விமானத்தைப் பறக்க விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் பத்து நிமிஷம் பறந்த விமானம், இங்கே ஆறாவது நிமிஷத்திலேயே தள்ளாடுகிறது. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்!" என்று அப்பா கோபிக்கிறார்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. குற்றம் குளிர் மேல்!

உள்ளே இருப்பது என்ன?

விமானத்தின் வயிற்றில் இருப்பது லிதியம் பாலிமர் பாட்டரி. டார்ச் விளக்குப் பாட்டரி போல இதற்குக் கெட்டியான உறை கிடையாது. மெல்லிய அலுமினியத் தாள் பைதான் உறை. அதனால்தான் இத்தனை இலேசு! செல்போனுக்குள் இருப்பதும் இதன் உடன்பிறப்பே.

லிதியம் அயனி பாட்டரி 1991-ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் காரைக்குடியிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது.

மலையில் ஏன் தடுமாறுகிறது?

குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகுகிறது அல்லவா? ஏறக்குறைய அதுபோல, பாட்டரிக்குள் இருக்கும் ரசாயனமும் குளிரில் மந்தமாகிறது. சக்தி இருந்தும் வெளியே வரத் தயங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். கடற்கரையைவிட அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசு. சற்றுக் கீழே உள்ள செண்பகனூரிலும் கதை இதுதான். இலேசான காற்றில் விமானத்தைத் தாங்க, விசிறி வேகமாகச் சுழல வேண்டும்.

என்ன செய்யலாம்? பாட்டரியை அறைக்குள் வைத்திருந்து, பறக்க விடும்போது மட்டும் பொருத்துங்கள். அடுப்பருகே வைத்துச் சூடாக்காதீர்கள். பறக்கும் நேரத்தையும் குறைத்துக் கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று எண்கள்

பாட்டரியின் மேல் '3எஸ், 2200, 20சி' என்று அச்சிட்டிருக்கும். '3எஸ்' என்றால் உள்ளே மூன்று அறைகள். அறைக்கு 3.7 வோல்ட்; மொத்தம் 11.1 வோல்ட். விமானத்துக்குச் சொன்ன வோல்ட் இதுதானா என்று பாருங்கள்.

'2200' என்பது கொள்ளளவு, அதாவது 2.2 ஆம்பியர்-மணி. எண் கூடினால் எடையும் கூடும். '20சி' என்பது தரக்கூடிய வேகம். 2.2-ஐ 20-ஆல் பெருக்கினால் 44. அத்தனை ஆம்பியர் வரை இது தாங்கும். மோட்டார் அதற்கு மேல் கேட்டால் பாட்டரி சூடேறி உப்பிவிடும்.

பட்டினியும் வேண்டாம், அஜீரணமும் வேண்டாம்!

சார்ஜ் ஏற்றும்போது ஓர் அறை 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு அறையையும் தனித்தனியே சமன் செய்யும் லிதியம் சார்ஜரையே உபயோகியுங்கள். 2200 பாட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் பாட்டரி கெடும். ஐந்தில் நான்கு பங்கு செலவானதும் விமானத்தை இறக்கிவிடுவது புத்திசாலித்தனம். பல நாள் சும்மா வைப்பதானால், அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது. முழுதாகத் தீர்த்தும் வைக்கக் கூடாது.

அம்மாக்கள் கவனத்துக்கு!

மெத்தை மேலும் திரைச்சீலை அருகிலும் வைத்துச் சார்ஜ் ஏற்ற அனுமதிக்காதீர்கள். கல் தரையே நல்லது. இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கவே கூடாது.

விமானம் கீழே விழுந்து மோதினால், பாட்டரியைக் கழற்றி வெட்டவெளியில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். உப்பிய பாட்டரிக்கு அதோடு ஆயுள் முடிந்தது. அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

தப்பித் தவறித் தீப்பிடித்தால், அந்தப் புகை விஷம். குழந்தைகளோடு வெளியேறி, 101-க்குப் போன் செய்யுங்கள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாராவது பக்கத்து வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்களா? பாலுக்கு வைக்கும் அந்த ஒரு கண்ணைப் பாட்டரிக்கும் வையுங்கள். பையனின் விமானமும் பறக்கும். வீடும் பத்திரமாக இருக்கும்!