மலை ஊற்றும் கிணற்று ஜலமும்

மேலூர்ப் பகுதியில் பெரியாற்றுக் கால்வாயின் ஜலம் எட்டாத மேட்டுக் கிராமங்களின் சாகுபடி கண்மாயையும் கிணற்றையுமே நம்பியிருக்கிறது. கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக இறக்குவதே பரிகாரம் என்பது குடியானவர்களின் பொதுவான எண்ணம். பூமிக்குள் ஜலம் எவ்வாறு தங்குகிறது என்பதை அறிந்தால் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியென்பது விளங்கும்.

மழைநீர் ஆகாயத்திலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைச் சிறிது கிரகித்துக்கொண்டு இலேசான புளிப்புத்தன்மை அடைகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்குமாயின், கல்லையே சிறுகச் சிறுகக் கரைத்துவிடும். நெடுங்காலத்தில் வெடிப்பு வாய்க்காலாகி, வாய்க்கால் குகையாகிறது. ஆந்திர தேசத்துப் போரா குகைகள் இவ்விதம் உண்டானவையே. கூரையிலிருந்து சொட்டும் நீர், தான் கரைத்த சுண்ணாம்பை மீண்டும் படியவிடுவதால் அங்கே கல் விழுதுகள் தொங்குகின்றன. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர் சுரப்பதும் சுண்ணாம்புக்கல்லின் உள்வழிகளாலேயே.

மேலூர்ப் பக்கத்து மலைகளோ கடினமான கருங்கற்பாறைகள்; இவை அவ்வாறு கரைவதில்லை. அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு ஆகிய இடங்களில் சமண முனிவர்கள் கற்படுக்கை வெட்டித் தங்கிய குகைகள் ஜலம் குடைந்த சுரங்கங்கள் அல்ல. பாறை பிளந்து துருத்தி நிற்பதால் ஏற்பட்ட நிழலிடங்களே.

இத்தகைய பாறையில் ஜலம் தங்க இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று, மேற்புறத்தில் உக்கி உதிர்ந்த கல். மற்றொன்று, அதன் கீழுள்ள வெடிப்புகள். மலைமேல் பெய்த மழை வெடிப்பு வழியே இறங்கி, வெடிப்பற்ற பாறை தடுத்தவிடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் வெளிப்படுகிறது. இதுவே ஊற்று. அழகர்மலையில் நூபுரகங்கை சுரக்கிறது. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் 200 இயற்கை ஊற்றுகளும் 72 ஏரிகளும் இருப்பதாக அரசாங்கம் குறித்துள்ளது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போனபோது, நீர்வளம் கெடுமெனக் கிராமவாசிகள் ஆட்சேபித்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது.

ஆழம் கூடக்கூடப் பாறையின் பாரத்தால் வெடிப்புகள் பெரும்பாலும் குறுகிவிடுகின்றன. ஆகவே ஆழ்குழாயை மேலும் இறக்கினால் பல சமயங்களில் கிடைப்பது கல் தூளே. கடன் மட்டும் மிஞ்சும். ஒரே வெடிப்பில் இருவர் துளையிட்டால், ஒருவர் இறைப்பது மற்றவர் கிணற்று ஜலமே. மலையை உடைத்தால் வெடிப்பின் வழி அறுபட்டு ஊற்று நிற்கவும் கூடும்.

சுண்ணாம்பு நாட்டில் ஜலம் தன் களஞ்சியத்தைத் தானே வெட்டிக்கொள்கிறது. இங்கே களஞ்சியம் சிறிது. ஆண்டுதோறும் மழையால் நிரப்பப்பட வேண்டியது. எனவே மலைச்சரிவின் மரங்களைக் காத்தல், வரத்துக்கால்களை ஆக்கிரமிப்பின்றி வைத்தல், கண்மாயில் வண்டல் அள்ளுதல், அண்டைக் கிணற்றுக்காரர் கூடிப்பேசி முறைவைத்து இறைத்தல் ஆகிய நான்கும் புதிய துளை ஒன்றைக் காட்டிலும் நற்பலன் தரும்.