பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா?

அம்மாவோடு காய்கறி வாங்கித் திரும்பும்போது, "முருங்கைக்காய் என்னம்மா விலை சொன்னான்?" என்று கேட்டால் போதும், நின்றுவிடுவாள். பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, விலையைச் சொல்லி, போன வாரத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். முன்பெல்லாம் இப்படியில்லை. ஊர்க்கதை முழுவதையும் நடையோடு நடையாகப் பேசித் தீர்த்தவள். வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது என்று நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிறு கட்டுரை அது. முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேருடன் ஆளுக்கொரு முறை கூடவே நடந்து, வழியில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றார்கள். அடுத்த 6 மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் தடுமாறிக் கீழே விழுந்திருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் ஏற்கெனவே தளர்ந்தவர்கள். அதனால் பேச நிற்பவர்கள் எல்லோரும் விழுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. நடப்பது காலின் வேலை மட்டுமல்ல.

தரை மேடா பள்ளமா, எதிரே வரும் சைக்கிள் எந்தப் பக்கம் ஒதுங்கும், உடல் எவ்வளவு சாய்கிறது, எங்கே திரும்ப வேண்டும் என்று அத்தனையையும் மூளை பார்த்துக்கொள்கிறது. இளமையில் இது நம் கவனத்தைக் கேட்பதே இல்லை. வயதானபின் கேட்கிறது. பேச்சுக்கும் அதே கவனம்தான் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது கால் நின்றுவிடுகிறது.

மூளை தளர்ந்தால் நடை தளர்கிறது, சரி. நடையைக் கூட்டினால் மூளையும் தெம்பு பெறுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் முதலில் பார்த்த இடம் ஹிப்போகேம்பஸ். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதிக்கு உள்ளே, இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் பகுதி இது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி அதன் வடிவத்தைப் பார்த்துக் கடல்குதிரை என்று பெயர் வைத்தார். காலையில் என்ன சாப்பிட்டோம், சாவியை எங்கே வைத்தோம், வங்கிக்குப் போக எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் பதிப்பது இதன் பணி. நோய் ஏதும் இல்லாத முதியவர்களுக்கும் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அமெரிக்காவில் கர்க் எரிக்சன், ஆர்தர் கிரேமர் குழுவினர் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். வீட்டோடு இருந்து பழகியவர்கள் அவர்கள். ஒரு குழு நடந்தது. மற்றொரு குழு கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தது. நடப்பவர்களையும் எடுத்த எடுப்பில் விரட்டவில்லை. முதல் வாரம் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், இதயம் சற்று வேகமாக அடிக்கும் அளவுக்கு நடை. ஓராண்டு முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். நீட்டி மடக்கியவர்களின் கடல்குதிரை 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுடையது 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. ஓரிரண்டு ஆண்டுத் தேய்வைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சமம் அது. 2011இல் வெளியான இந்த முடிவு பலருடைய நம்பிக்கையை மாற்றியது. முதுமையில் மூளை ஒரே திசையில்தான் போகும் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

எப்படி வளர்ந்தது? நடந்தவர்களில் யாருக்குக் கடல்குதிரை கூடுதலாக வளர்ந்ததோ, அவர்களுடைய ரத்தத்தில் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் கூடியிருந்தது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் புரதம், நரம்புச் செல்களுக்கு எரு போட்டதைப் போல. செல்கள் பிழைத்திருக்கவும் கிளை விடவும் ஒன்றோடொன்று இணையவும் உதவுகிறது. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கூடத்தில் 1999இல் சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் ஹிப்போகேம்பஸில் புதிய செல்கள் ஏறக்குறைய இரு மடங்காகப் பிழைத்திருந்தன. மனிதர்களிடம் முதுமையில் புதுச் செல்கள் பிறக்கின்றனவா என்பது மட்டும் இன்னும் வழக்கிலேயே இருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் பற்றி அப்படிச் சந்தேகம் இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. நடை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால், மூளைக்குப் போகும் நுண்ணிய குழாய்கள் கெடாமல் இருக்கும்.

இந்த இடத்தில் நின்று, "நடங்கள், மறதி வராது" என்று எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது உண்மையில்லை. லண்டனில் அரசு ஊழியர்கள் 10,308 பேரைச் சராசரியாக 27 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் சொன்னது வேறு. நடு வயதில் உடற்பயிற்சி செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் குறைவாக வந்ததாக அதில் தெரியவில்லை. மாறாக, நோய் வந்தவர்கள் அது கண்டுபிடிக்கப்படுவதற்கு 9 ஆண்டுகள் முன்பிருந்தே நடமாட்டத்தைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். நடக்காததால் நோய் வந்ததா, நோய் உள்ளே இறங்கியதால் நடை குறைந்ததா என்று பிரித்தறிவது அவ்வளவு கடினம். இங்கிலாந்தில் ஏற்கெனவே மறதிநோய் இருந்த 494 பேரைக் கொண்டு நடத்திய இன்னொரு சோதனையில், கடுமையான பயிற்சி செய்தவர்களின் உடல் வலுத்தது, மறதி குறையவில்லை. நோய் முற்றிய அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரை வருத்த வேண்டாம். அவருக்குப் பிடித்த அளவு நடக்கட்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது ஃபின்லாந்து. அங்கே 60 முதல் 77 வயதுக்குட்பட்ட, மறதிநோய் வரும் வாய்ப்புச் சற்றே கூடுதலாக இருந்த 1,260 பேரில் பாதிப் பேருக்கு உடற்பயிற்சி, உணவுமுறை, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அறிவுத்திறன் சோதனையில் அவர்களுடைய முன்னேற்றம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். நடை மட்டுமல்ல, நான்கும் கூட்டாகச் செய்த வேலை இது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த நான்கிலும் விலை உயர்ந்த மாத்திரை எதுவும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேகத்துக்கும் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது; அதுவே அளவான வேகம். உலகச் சுகாதார நிறுவனம் அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்கச் சொல்கிறது. முதியவர்களுக்கு அதோடு தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சிகளும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அம்மாவும் நானும் எரிக்சன் குழுவின் கணக்கையே எடுத்துக்கொண்டோம். இது நான்காவது வாரம், 25 நிமிடம். வழியில் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. மூன்றாவது தெருமுனையில், நின்றுபோன தையல் கடையைப் பார்த்ததும் அவளாகவே ஏதாவது தொடங்குவாள். நேற்று அதைச் சொல்லும்போது நிற்கவில்லை.