விதையும் மெருகும் – 5: உலரும் எண்ணெய்

சென்ற இதழில் செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயோடு நிறுத்தினோம். அந்த எண்ணெய் மரத்தின்மேல் ஏறி, மெருகாக நிலைபெறும் விதத்தை இவ்வாரம் பார்ப்போம்.

ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்த வரும் தச்சர், சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து பட்டி செய்வதைச் சிறுவயதில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். விரலில் வெண்ணெய்போல் குழைந்த அந்தப் பட்டி சில வாரங்களில் கல்லாக இறுகிவிடும். அவர் தலையில் தடவியிருந்த தேங்காய் எண்ணெயோ எத்தனை காலமானாலும் எண்ணெயாகவே இருக்கும். இரண்டும் வித்தில் பிறந்தவையாயிருந்தும் இவ்வளவு சுபாவபேதம் ஏன் என்ற கேள்வி அன்றே என் மனத்தில் விழுந்தது.

ஈரத்துணி நீரை இழந்து உலர்கிறது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று உலர்கிறது, ஆகையால் உலர உலர அதன் எடை கூடுகிறது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் சரிபாதிக்கு மேற்பட்டது லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருக்க, அவ்விடங்களில் பிராணவாயு புகுந்து அடுத்தடுத்த சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிந்துவிட, திரவமாயிருந்தது வலையாகிறது. தேங்காய் எண்ணெயில் அத்தகைய பிணைப்புகள் மிக அற்பம். இந்த முடிச்சு விழும்போது உஷ்ணமும் பிறக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும் என்பதை அறிந்தே எங்கள் தச்சர் அதை விரித்துக் காயப்போடுவார்.

பெயிண்ட் டப்பாவின்மேல் படிந்திருந்த ஆடையைக் கண்டு சிந்தித்த இங்கிலாந்துக்காரர் பிரடெரிக் வால்டன், அதே ஆடையைத் திரட்டி, குங்கிலியமும் தக்கைத் தூளும் சேர்த்துத் துணியில் படியவைத்து, 1863-இல் லினோலியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையில் ராய் கீன்லே, ஆல்கஹாலையும் ஆசிட்டையும் இணைத்து விளைந்த பிசினுக்கு அவ்விரண்டு சொற்களையும் கலந்தே 'ஆல்கைட்' என்று நாமகரணம் செய்தார். எண்ணெயைக் கிளிசராலுடன் ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில் காய்ச்சி, பின்பு தாலிக் அன்ஹைட்ரைடு சேர்ப்பது அதன் முறை. நம் வீட்டு எனாமல் பெயிண்டின் உயிர் பெரும்பாலும் அதுதான்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துவது என் கடமை. விதையில் பிறந்தது என்பதாலேயே ஒரு பூச்சு மண்ணில் மக்கிவிடும் என்று சொல்லுவோர் பலர். நான் அதை ஒப்புவதில்லை. எண்ணெயைக் கட்டியிருக்கும் எஸ்டர் பிணைப்பை நுண்ணுயிர்களின் நொதிகள் அறுக்க வல்லவை என்பது உண்மையே; ஆனால் வலை நெருக்கமாக முடிந்து, நிலக்கரியிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ வந்த தாலிக் வளையங்களும் இடையிடையே நின்றால், நீருக்கும் நொதிக்கும் உள்ளே புக வழி ஏது? மண் ஏற்கும் பிசின் வேண்டுமானால் எண்ணெயின் துணைப்பொருளையும் மாற்றியாக வேண்டும்.

அதற்கு நம் ஆமணக்கைவிட உபகாரமான வித்தை நான் அறியேன். அதன் கொழுப்பு அமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதில் இயற்கையாகவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அமைந்திருப்பதால், கிளிசராலோடு காய்ச்சும் முதற்படி இல்லாமலே அது பிற அமிலங்களோடு கைகோத்துக்கொள்ளும். அவ்வெண்ணெயைக் காரத்துடன் உயர்ந்த சூட்டில் பிளந்தால் கிடைப்பது செபாசிக் அமிலம். அதையே தாலிக்கின் ஸ்தானத்தில் வைத்தால், பிசினின் இரு பாதிகளும் ஒரே கொட்டையிலிருந்து வந்தவையாகிவிடும். வளையமற்ற அந்த நீண்ட சங்கிலி நுண்ணுயிர்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

இத்தகைய பூச்சைக் கதவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கதவு மழையையும் வெயிலையும் பல ஆண்டுகள் தாங்கவேண்டியது. அதற்குரிய இடம் உரமணி. 2015-இல் நம் அரசு உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியது. அது பிசினன்று, மண்ணில் தழைச்சத்து விரைந்து வீணாவதைத் தணிக்கும் எண்ணெய்ப்பூச்சு மட்டுமே. அதே மணிக்கு ஆமணக்குப் பிசினால் தோல் போர்த்தினால், பயிர் கேட்கும் வேகத்தில் சத்து கசிய, அறுவடைக்குப் பின் எஞ்சிய வெறுங்கூட்டை உழவர் பொறுக்கவேண்டியதில்லை.