பழைய பிக்கப்பில் புது எஞ்சின்: கியர் பாக்ஸ் சொல்வதுதான் கணக்கு

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி-10 பிக்கப், அமெரிக்கப் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்துத் தேய்ந்த வண்டி. அரை நூற்றாண்டு கடந்தும் பல வண்டிகளின் சேசிஸ் இன்னும் திடமாகவே இருக்கிறது. முதலில் களைத்துப்போவது எஞ்சின்தான். அன்று பரவலாக அதில் வந்தது 4.1 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 155 குதிரைத்திறன் என்று விளம்பரம் சொன்னது. ஆனால் அது விசிறி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல், எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்த எண். சாலையில் கிடைத்தது அதைவிடக் குறைவு. கியர் மூன்றே மூன்று. ஸ்டீயரிங்கை ஒட்டிய லீவரால் மாற்ற வேண்டும்.

இந்த வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராதவர்கள் பெரும்பாலும் ஒரே எஞ்சினைத்தான் தேடிப் போகிறார்கள். 1997 கார்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய 'எல்எஸ்' வி-8 குடும்பத்தில், பிக்கப்புகளுக்காக வார்ப்பிரும்பு பிளாக்குடன் வந்த 5.3 லிட்டர் எஞ்சின் அது. 1999 மாடல் சில்வராடோவில் வந்தபோதே 270 குதிரைத்திறன். லட்சக்கணக்கில் விற்றதால், விபத்தில் நொறுங்கிய வண்டிகளிலிருந்து இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

எஞ்சினை வாங்குவது எளிது. வண்டி நன்றாக ஓடுமா என்பதை அதற்குப் பின்னால் வரும் கியர் பாக்ஸும் ஆக்சிலும்தான் தீர்மானிக்கின்றன. பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கப் புறப்படும் பலர் கடைசியில் யோசிக்கும் இந்த விஷயம், முதலில் யோசிக்க வேண்டியது.

ஒரு கணக்கு. சக்கரத்தின் விட்டம் 71 சென்டிமீட்டர், பின் ஆக்சில் விகிதம் 3.73 என்று வைத்துக்கொள்வோம். பழைய மூன்று கியர் பெட்டியின் டாப் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டும் ஒரு சுற்றுத்தான். மணிக்கு 105 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். அதே வண்டியில் எல்எஸ் எஞ்சினோடு வரும் '4எல்60இ' ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை வைத்தால், 'ஓவர்டிரைவ்' எனப்படும் நான்காவது கியரின் விகிதம் 0.70. அதே வேகத்துக்கு 2,050 சுற்று போதும். சத்தம் குறைகிறது, பெட்ரோல் மிஞ்சுகிறது, எஞ்சின் ஆயுள் நீள்கிறது. புது எஞ்சினைப் போட்டுப் பழைய மூன்று கியர் பெட்டியை விட்டுவைத்தால் இதில் எதுவும் கிடைக்காது.

டீசல் என்றால் கணக்கு இன்னும் கறாரானது. ரொட்டியும் சிப்ஸும் கொண்டுபோகும் வேன்களிலிருந்து கழற்றிய கம்மின்ஸ் 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. 105 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவையில் அசராது. இத்தகைய எஞ்சினை கவர்னர் 2,500 சுற்றில் கட்டிப்போட்டால், மேலே சொன்ன ஆக்சிலோடும் ஓவர்டிரைவ் இல்லாத பெட்டியோடும் வண்டி மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டவே முடியாது. டாட்ஜ் நிறுவனத்துக்கும் இதே சிக்கல் வந்தது. 1989-இல் தன் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் எஞ்சினை வைத்தபோது, கையிலிருந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் மூன்று கியர்தான். அதற்கு ஈடாக ஆக்சில் விகிதத்தை 3.07 ஆகக் குறைத்தது.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1932-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் தொடங்கிய பெர்கின்ஸ், 1930களின் இறுதியில் 'பி-6' என்ற ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றுவது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1950களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினைவிட மெதுவாகச் சுற்றும் டீசலை ஏற்றிவிட்டு ஆக்சிலைத் தொடாமல் விட்டால், ஏற்றத்தில் சுகமாக இருக்கும். சமவெளியில் வேகம் வராது. அன்றைய லாரி முதலாளிகள் எதிர்கொண்டதும் இதே விகிதக் கணக்குத்தான்.

மறுபடி சி-10 பட்டறைக்கு வருவோம். பழைய ஷெவர்லே வி-8 எஞ்சினின் பெல் ஹவுசிங் போல்ட் துளைகளும் எல்எஸ் எஞ்சினின் துளைகளும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அதனால் அந்த வி-8 எஞ்சினோடு வந்த பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியையே மாட்டிவிடலாம் என்ற ஆசை வரும். ஆனால் எல்எஸ் கிராங்க் ஷாஃப்டின் பின்முகம் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த இடைவெளிக்கு ஸ்பேசர் வைக்காமல் போல்ட்டை இறுக்கி இழுத்தால் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப் பாழாகும்.

4எல்60இ பெட்டியில் கியர் எப்போது மாற வேண்டும் என்பதை கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அதனால் எஞ்சின், கியர் பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குவதே நல்லது. தனித்தனியாகச் சேர்த்தவர்களுக்கு, ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிட வயரைத் தேடிய நேரமே அதிகமாகிவிடுகிறது.

பிறகு ஷாஃப்ட். புதுப் பெட்டியின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்டை வெட்டி அளவாக்கி, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். கியர் பாக்ஸின் வெளித்தண்டும் ஆக்சிலின் முன்தண்டும் இணையான கோணத்தில் அமைய வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். ஜாயின்ட்டுகள் ஒவ்வொன்றாகப் போகும்.

எரிபொருளில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவைப்படாது. எல்எஸ் எஞ்சினின் இஞ்ஜெக்டர்களுக்கு 4 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாயும் கிளாம்பும் அதைத் தாங்காது. மேலும் இந்த வரிசை சி-10 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அக்கறையுள்ள மெக்கானிக் அதை எடுத்துவிட்டு, சரக்குத் தொட்டிக்கு அடியில் சேசிஸுக்கு நடுவே புது டேங்க் வைப்பார். பிரேக்கும் அப்படித்தான். 1971-க்கு முந்தைய சி-10இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்தியைக் கூட்டிவிட்டு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றாமல் சாலைக்கு வருவது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. அதற்குப் பிந்தைய வண்டியில் எஞ்சின் மாற்றினால், புது எஞ்சின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமும் கூடவே வர வேண்டும். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது.

இப்போது மாற்று எஞ்சினே மின்சாரமாகிவிட்டது. 2020-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1977 மாடல் கே5 பிளேசர் ஒன்றிலிருந்து 175 குதிரைத்திறன் வி-8 எஞ்சினை இறக்கிவிட்டு, போல்ட் மின்காரின் 200 குதிரைத்திறன் மோட்டாரை ஏற்றிக் காட்டியது. 60 கிலோவாட் மணி பேட்டரி பின்பகுதிக்குப் போனது. அந்த மோட்டாருக்குப் பின்னாலும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்டுகள், ஆக்சில்கள் எதையும் மாற்றாமலே அந்தப் பழைய நான்கு சக்கர இழுவை வண்டி ஓடியது.