கண்டி நகரத்து இல்லங்களில் நீர்க்குழாய் மாற்றம்

மலைநகர் ஒன்றின் நீர்வழங்கல் சமவெளி நகர் ஒன்றின் நீர்வழங்கலைப் போன்றதன்று. கண்டி மாநகர் கடல்மட்டத்தின்மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ அமைந்தது. துனுமடலாவைக் காட்டிலுள்ள இரு நீர்த்தேக்கங்கள் நகரின் நீர்வழங்கலுக்குப் பயன்பட்டன. மகாவலி கங்கையிலிருந்து பெறப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, உயரமான இடங்களிலுள்ள தொட்டிகளுக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து புவியீர்ப்பினால் இல்லங்களுக்கு இறங்குகின்றது. சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களிலோ மக்கள் மலையூற்று நீரைப் பீலியில் ஏந்தி வந்தனர். பின்னர் ஊற்றிலிருந்து குடியிருப்பு வரை கறுப்புப் பொலித்தீன் குழாய் சரிவு வழியே நீண்டது. அக்குழாயின் இனத்தைச் சேர்ந்தனவே இன்று பழைய இரும்புக் குழாய்களுக்குப் பதிலாக நகரத்து வீடுகளுள்ளும் இடம்பெறுகின்றன. இம்மாற்றத்தினால் விளையும் நன்மைகளும், அதனைச் செய்யுமுன் கருதவேண்டியவைகளும் யாவை என்பது ஆராயற்பாலது.

பழைய இல்லங்களிற் பெரும்பாலும் காணப்படுவது நாகம் பூசிய இரும்புக் குழாயாகும். நாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும் இயல்புடையது. ஆயின் அப்பூச்சு மெல்லியது. ஆண்டுகள் செல்ல அது தீர்ந்துபோகின்றது. அதன்பின் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. திருகுப்புரி வெட்டப்பட்ட பொருத்துகளிற் பூச்சு முன்னரே நீங்கியிருப்பதாலும் சுவர் மெலிந்திருப்பதாலும் கசிவு அங்கேயே முதலில் தோன்றும். துரு குழாயின் உட்புறத்திற் கட்டி கட்டியாக வளர்ந்து துவாரத்தைக் குறுக்குகின்றது. அன்றியும், கிருமிகளைக் கொல்லும் பொருட்டு நீரிற் சேர்க்கப்பட்ட குளோரினில் ஒரு பங்கு இத்துருவோடு தாக்கமுற்று வீணாகின்றது. காலையில் முதன்முதல் திறக்கும்போது பழுப்பு நிறமாக வரும் நீர் இந்நோயின் அறிகுறியாகும்.

துவாரம் சிறிது குறுகினும் நீரோட்டம் பெரிதுங் குறையும். உள்விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. அமுக்கம் மாறாதிருக்க, விட்டம் பாதியாகுமிடத்து ஓட்டம் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகச் சுருங்குகின்றது. ஆகவே மேல்மாடியில் நீர் நூலாக வடியும்போது நீர்வழங்குவோரைக் குறைகூறுமுன் ஓர் எளிய சோதனை செய்தல் தகும். நீர்மானிக்கு அண்மையிலுள்ள குழாயில் ஒரு வாளி நிரம்பும் நேரத்தையும், அதே தளத்தில் மிகத் தொலைவிலுள்ள குழாயில் அவ்வாளி நிரம்பும் நேரத்தையும் ஒப்பிடுக. முன்னது விரைந்து நிரம்பிப் பின்னது மிகத் தாமதித்தால் குறை வீட்டினுள்ளே உளது. இரண்டும் ஒருங்கே மெலிந்திருப்பின் குறை பெரும்பாலும் மானிக்கு அப்பாலுள்ளது. அந்நிலையில் உட்குழாயை மாற்றுவது பணத்தை வீணாக்குவதேயாம்.

மாற்றாக வந்துள்ள பொருளின் வரலாறு சுவையானது. 1933இல் இங்கிலாந்தின் நோர்த்விச் நகரில் எரிக் ஃபோசெற், றெஜினோல்ட் கிப்சன் என்னும் இருவர், மிகையான அமுக்கத்தில் எதிலீன் வாயுவைக் கொண்டு வேறொரு பரிசோதனை நடத்துகையில் வெண்ணிறமான மெழுகு போன்ற பொருளொன்றை எதிர்பாராது கண்டனர். அதுவே பொலிஎதிலீன். 1953இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லர் தாழ்ந்த அமுக்கத்தில் இதனினும் வலிய வகையை ஆக்கும் வழியைக் கண்டார். 1960களின் பிற்பகுதியில் தோமஸ் எங்கல் என்பார் அதன் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து வெப்பந்தாங்கும் வகைக்கு வழிகோலினார். முன்னைய வகைகள் தண்ணீருக்கும், குறுக்குப்பிணைப்புற்ற வகை வெந்நீருக்கும் ஏற்றவை. தோட்டத்துக்கு நீர்பாய்ச்சும் மெல்லிய குழாய் இவற்றுள் எவ்வகையையுஞ் சேராது. குடிநீருக்கு அதனைப் பயன்படுத்தல் ஆகாது.

இக்குழாய் துருப்பிடிப்பதில்லை. அகம் வழவழப்பாதலின் உராய்வு குறைவு. சுருளாகக் கிடைப்பதால் சுவர்மூலைகளில் முழங்கைப் பொருத்துகள் பலவற்றைத் தவிர்க்கலாம். பொருத்துகள் குறையக் கசியுமிடங்களுங் குறையும். மழைக்காலத்தில் மண் சிறிதே நகரும் சரிவுகளில் விறைத்த குழாய் முறியுமிடத்து, தளர்வாக வளைத்துப் பதிக்கப்பட்ட இக்குழாய் இசைந்து கொடுக்கும். கண்டி போன்ற ஊர்களுக்கு இது சிறிய நன்மையன்று.

எனினும் இரும்பு பொறுத்தவை யாவற்றையும் பிளாஸ்டிக் பொறுக்குமென எண்ணலாகாது. முதலாவது அமுக்கம். நீர்மட்டம் பத்து மீற்றர் உயர ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. தொட்டிக்கு அறுபது மீற்றர் கீழேயுள்ள பள்ளத்து வீட்டில், இரவில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில், ஆறு வளிமண்டல அமுக்கம் நிலவும். இரண்டாவது வெப்பம். 20 பாகை செல்சியசில் பத்து வளிமண்டலத்தைத் தாங்கும் பொலிஎதிலீன் குழாய் 40 பாகையில் ஏறத்தாழ ஏழரையையே தாங்கும். மூன்றாவது ஒளி. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் பொலிஎதிலீனை நொறுங்கச் செய்வன. வெளியே கிடக்கும் குழாய்களிற் கரித்தூள் கலந்து கறுப்பாக்குவது இதன்பொருட்டேயாம். நான்காவது நீட்சி. பத்து மீற்றர் நீளக் குழாய் 20 பாகை வெப்பநிலை உயர்வில் இரும்பாயின் இரண்டரை மில்லிமீற்றரே நீளும். பொலிஎதிலீனாயின் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளும். ஆதலின் அதனை இறுகப் பிணித்தல் தகாது. எலி கடித்துத் துளைக்கக்கூடிய கூரையறை போன்ற இடங்களில் தக்க உறையும் வேண்டும்.

இவை யாவினும் முதன்மையானது வேறொன்றுளது. இரும்புக் குழாய் நீரை மட்டும் கொண்டுசெல்லவில்லை. நிலத்திற் புதைந்திருந்தமையால், வீட்டு மின்னமைப்பின் புவித்தொடுப்புக் கம்பியை, அதாவது வழக்கில் ‘ஏர்த்’ எனப்படுவதை, அதனோடு பிணைக்கும் வழக்கம் முன்னாளிற் பல நாடுகளில் இருந்தது. பிளாஸ்டிக் மின்னைக் கடத்தாது. நிலத்தடிக் குழாயில் ஒரு முழத்தை வெட்டிப் பிளாஸ்டிக் இணைத்தாலும் அவ்வழி அறுபடும். அதன்பின் நீர்சூடாக்கியிற் பழுது நேரின் அதன் உலோக உறை மின்னேறி நிற்கும். ஈரக்கையால் தொடுபவரின் உடலே நிலத்துக்கு வழியாகும். குளிர்காலை வேளைகளில் வெந்நீரை நாடும் கண்டி இல்லங்களில் இவ்வபாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. எனவே குழாயை வெட்டுமுன் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு புவித்தொடுப்பைச் சோதித்து, நிலத்தில் தனியே இறக்கிய கோலோடு அதனை இணைப்பித்து, மின்கசிவில் தானே துண்டிக்கும் ஆளியும் செவ்வனே இயங்குகின்றதா என அறிந்துகொள்ளல் இன்றியமையாதது.

புதியதென்பதற்காகவே ஒரு பொருளை நம்பியோர் இடர்ப்பட்டதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை எண்ணற்ற வீடுகளிற் பொருத்தப்பட்ட பொலிபியூற்றிலீன் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் குளோரின் கலந்த நீரில் நலிந்து வெடித்தமையால் வழக்குகள் எழுந்தன. அப்பொருள் வீட்டு நீர்க்குழாய்ப் பயனினின்றும் கைவிடப்பட்டது. ஆகலின் குடிநீருக்கு உகந்தது, இன்ன அமுக்கந் தாங்கும், இன்ன வெப்பத்துக்குரியது என்னும் குறிப்புகள் குழாயின்மேற் பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டே வாங்குதல் வேண்டும். நெடுநாள் இருந்த ஒன்றை அகற்றுமுன், அது வெளிப்படையாக ஆற்றிய பணியோடு மறைவாக ஆற்றிய பணியையும் அறிந்து, இரண்டுக்கும் ஈடுசெய்தலே முறையாகும்.