பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி

ஜவ்வாது மலையில் சாமை கதிர் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பயிர்க் காவலுக்குக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறலாம். உரிமமின்றி வைத்திருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி, 5 ஆண்டு வரை சிறை. உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுட அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு வனச்சட்டம் வேறு.

மலைப்பனியில் மருந்து ஈரமாகி, விசையை இழுத்த சற்று நேரம் கழித்து வெடிப்பதுண்டு. ஆகவே குழலை ஆளில்லாத திசையில் ஒரு நிமிடமாவது நீட்டியபடியே இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தால் முகம் போய்விடும்! சுட்டவுடன் மறுபடி மருந்து போட்டால், உள்ளே தங்கிய கங்கில் பற்றிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியாலும் துடைத்த பிறகே போடலாம். மருந்து கெட்டித்த துப்பாக்கியை வீட்டுச் சுவரில் மாட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, மருந்தையும் கேப்புகளையும் தனித்தனியே பூட்டி வைத்தல் நலம்.